வலது கால்: பதில் உண்டு

கியார்த்தி 1966 ஆகஸ்ட் 14 அன்று டெலாங்குவில் பிறந்தார். தந்தை அங்கே அரிசி ஆலையில் எடை எழுத்தர். கியார்த்தி வணிகப் பள்ளியில் தட்டச்சும் கணக்குப் பதிவும் பயின்றார். 1987இல் க்ளாத்தென் நகரத்துப் பிரசோஜோவை மணந்தார். பிரசோஜோ என் சிற்றப்பாவின் இளைய மகன்; பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு முகவர். அவர்களுக்கு ஒரே மகள், வெனிங், 1989இல் பிறந்தாள். 2003இல் கியார்த்தி தம் வீட்டின் முன்னறையில் ஒன்பது கணினிகளுடன் இணைய நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 2006 நிலநடுக்கத்தில் முன்சுவர் சரிந்து இரண்டு கணினிகள் நசுங்கின, ஏழு எஞ்சின. 2007 மார்ச்சில் ஏழிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஏற்றப்பட்டது. 2011 மார்ச் 9 அன்று பிரசோஜோவுக்கு மூளைத்தண்டில் இரத்த அடைப்பு ஏற்பட்டது. 2013 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை, வெனிங்கின் திருமணம் நடந்தது.

இவற்றில் பிறப்பும் மணமும் எங்கள் குடும்பப் பதிவேட்டில் உள்ளவை. நோன்புப் பெருநாளுக்குப் பின் ஆண்டுதோறும் நாங்கள் கூடும்போது அந்த ஏடு கைமாறி வாசிக்கப்படும். பிறப்பு, மணம், இறப்பு ஆகிய மூன்றுக்கு மட்டுமே அதில் கட்டங்கள் உண்டு. அந்தக் கட்டங்களில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸுக்கு மாறியது கொள்கையால் அன்று. திருட்டு மென்பொருள் பிரதிகளை வைத்திருக்கும் இணைய நிலையங்களில் சோதனை நடக்கிறது என்ற பேச்சு அந்த ஆண்டு தெருவெங்கும் இருந்தது. உரிமம் வாங்கும் விலைக்கு இன்னும் நான்கு கணினிகள் வாங்கலாம். யோக்யகர்த்தாவிலிருந்த லினக்ஸ் பயனர் குழு ஒன்று குறுந்தகடுகளை அஞ்சலில் அனுப்பியது. கணினிகள் ஒரே காலையில் மாறிவிட்டன. அவற்றோடு இணைந்திருந்தவை மாறுவதற்குப் பதினொரு மாதம் ஆயிற்று: மூன்று அச்சுப்பொறிகள், ஒரு ஸ்கேனர், ஏழு கேமராக்கள்.

கேமராக்கள்தாம் பெரும் தொல்லை. எங்கள் பகுதிப் பெண்கள் பலர் ஹாங்காங்கிலும் மலேசியாவிலும் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்களுடைய தாய்மார் ஞாயிறுதோறும் வந்து, அரை மணி நேரம் திரையில் மகள் முகம் பார்த்துப் போவார்கள். புதிய இயங்குதளத்தில் மூன்று கேமராக்கள் முகங்களைத் தலைகீழாகக் காட்டின.

பிரசோஜோ வேலை முடிந்து வந்தவர், ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக் கேமராவைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்.

"ஆச்சு. இதுக்குப் போயி ஒரு மாசம் மண்டைய ஒடச்சிக்கிறா."

"அவுத்துடுங்க மாஸ்," என்றார் கியார்த்தி. எங்கள் பக்கத்தில் மனைவியர் கணவரை அழைக்கும் சொல் அது. அண்ணன்மாரையும் அப்படித்தான் அழைப்போம். "அது ஏன் தலைகீழா பாக்குதுன்னு தெரியாம நாம தலைகீழா நின்னா எப்படி?"

"அதுகிட்டயே கேளேன்."

"கேக்கத்தான் போறேன்."

அவர் உண்மையாகவே கேட்டார். கியார்த்தியின் வேலைமுறை அதுதான். ஒரு சாதனம் இணங்காவிட்டால், முதலில் கணினியிலிருந்து எல்லா இணைப்புகளையும் பிடுங்கிவிடுவார். பிறகு ஒன்றே ஒன்றைச் செருகுவார். அப்போது அந்தச் சாதனம் கணினியிடம் தன் பெயரையும் எண்ணையும் சொல்லும். கறுப்புத் திரையில் ஒரு வரியாக அது தெரியும். பல சமயம் பெட்டியில் அச்சிட்டிருந்த பெயர் வேறாகவும், சாதனம் சொல்லும் பெயர் வேறாகவும் இருக்கும். பெட்டியின் பேச்சை அவர் நம்பியதில்லை. சாதனம் சொன்னதை ஒரு நீண்ட கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், அதில் நான்கு பத்திகள்: என்ன பெயர் சொல்கிறது, என்ன எண் சொல்கிறது, எதற்குப் பதில் உண்டு, எதற்குப் பதில் இல்லை. அந்த எண்ணை யோக்யகர்த்தா குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் எழுதிக் கேட்பார். வாரக்கணக்கில் காத்திருப்பார். யாரோ ஒருவர், எங்கிருந்தோ, ஒரு வரியை அனுப்புவார். அந்த வரியைத் தட்டியதும் முகங்கள் நிமிரும்.

நிமிர்ந்தபோது ஒரு தாய், கியார்த்தியை மரியாதையாக இபு என்று அழைத்து, வருத்தப்பட்டதும் உண்டு. "தலைகீழா இருந்தப்ப எம்பொண்ணு சிரிச்சா, இபு கியார்த்தி. இப்ப மறுபடியும் சம்பளம், முதலாளின்னு பேச ஆரம்பிச்சிட்டா."

2008இல் பிரசோஜோ வேலை பார்த்த பயணச்சீட்டு நிலையம் மூடப்பட்டது. அங்கே பயணிகளின் பெயர்ப்பட்டியல் அடித்துக்கொண்டிருந்த அகலமான ஊசி அச்சுப்பொறியையும், ஓரத்தில் துளையிட்ட தொடர்தாள் நான்கு பெட்டியையும் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். மூன்று அச்சுப்பொறிகளோடு மாதக்கணக்கில் மன்றாடியிருந்த கியார்த்தி, இது நான்காவது என்று பெருமூச்சு விட்டார். ஆனால் செருகிய அன்றே அது வேலை செய்தது. படம், அலங்காரம் எதுவும் அதற்குத் தெரியாது. எழுத்தைக் கொடுத்தால் எழுத்தை அடிக்கும்.

"இதுக்கு நடுவுல ஆளே வேணாம் மாஸ். நேராச் சொன்னா கேட்டுக்குது."

"என்கூட பதினெட்டு வருஷம் இருந்த மெசினு. உன்ன மாதிரியா?"

அந்த வாய்ப்பேச்சுதான் 2011 மார்ச்சில் நின்றது.

மருத்துவமனையில் இருபத்தாறு நாள் இருந்து வீடு திரும்பினார். அவர் எல்லாவற்றையும் கேட்கிறார், புரிந்துகொள்கிறார், உடலுக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் பார்க்க வந்த உறவினர்களில் பாதிப்பேர் காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்தினார்கள். மீதிப்பேர் அவர் அறையில் இல்லாததுபோல் பேசினார்கள். நானும் அந்த இரண்டாம் வகையில் இருந்தேன், அதையும் பதிந்துவைக்கிறேன்.

வீடு திரும்பிய நான்காம் நாள் கியார்த்தி அந்தக் கணக்கு நோட்டை எடுத்துக் கட்டிலருகே அமர்ந்து, புதிய பக்கம் ஒன்றில் கோடுகள் போட்டார். அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். பெயர்: பிரசோஜோ. எண்: 1961 ஜூன் 2. வலது கை: பதில் இல்லை. இடது கை: பதில் இல்லை. உதடு: பதில் இல்லை. கழுத்து: இடப்பக்கம் சிறிது. கண்கள்: மேலும் கீழும் உண்டு, ஆனால் விரைவில் களைக்கிறது. இடது கால்: பதில் இல்லை. வலது கால், பெருவிரலும் முன்பாதமும்: பதில் உண்டு.

அந்தக் கடைசி வரியின் கீழ் இருமுறை கோடிட்டிருக்கிறார்.

முதலில் அவர் கொடுத்தது ஒரு மவுஸ். திரையில் எழுத்துகள் கட்டங்களாக இருக்கும். ஒரு வெளிச்சம் தானாகவே வரிசை வரிசையாக நகரும். வேண்டிய வரிசைக்கு வெளிச்சம் வரும்போது பெருவிரலால் ஒருமுறை அழுத்த வேண்டும். அந்த வரிசைக்குள் வேண்டிய எழுத்துக்கு வரும்போது இன்னொருமுறை. பிரசோஜோவின் கால் ஒவ்வொரு முறையும் பிந்தியது. வேண்டிய எழுத்தைத் தாண்டி அடுத்ததில் போய் விழுந்தது. மூன்று பிற்பகல்கள் முயன்றார். நான்காம் நாள் மவுஸைக் காலடியில் வைத்தபோது கண்களை மூடிக்கொண்டார். நோட்டில் எழுதியிருக்கிறது: மவுஸ், வேண்டாம் என்கிறார்.

அடுத்த ஏழு மாதம் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் தெருக்கோடியில் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளை வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்து மூடிப்போயிருந்தது. அதன் உரிமையாளர் கோழிக்கூண்டின்மேல் மழைக்குப் பழைய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போர்த்தியிருந்தார். அம்புக்குறிகள் போட்ட நடன விரிப்பு அது. பிள்ளைகள் அதன்மேல் குதித்து ஆடினால், தொலைக்காட்சியில் புள்ளிகள் ஏறும். கியார்த்தி அதைக் கேட்டு வாங்கப் போனார்.

"இதையா? கோழி ஒரு வருசமா இதுமேலதான் நின்னுக்கிட்டிருக்கு, இபு."

"கோழி நின்னும் கிழியலேல்ல? அப்ப மனுசன் காலு தாங்கும்."

விரிப்பைச் செருகியதும் அது தன்னை ஜாய்ஸ்டிக் எனும் விளையாட்டுக் கைப்பிடி என்று அறிமுகம் செய்துகொண்டது. இடது அம்பையும் வலது அம்பையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஒன்றையொன்று அழித்து, எதுவுமே அழுத்தப்படாததாகச் சொன்னது. பிரசோஜோவின் பாதம் அகலமானது. பல சமயம் இரண்டையும் ஒன்றாகத் தொடும். கியார்த்தி எண்ணை எழுதினார், குழுவுக்கு அனுப்பினார், காத்திருந்தார். பத்தொன்பதாம் நாள் ஒரு வரி வந்தது. அதன்பின் ஒவ்வோர் அம்பும் தனித்தனிப் பொத்தானாயிற்று. வலது தொட்டால் வெளிச்சம் முன்னே போகும், இடது தொட்டால் பின்னே வரும், மேல் அம்பை அழுத்தினால் எழுத்து விழும். இப்போது வெளிச்சம் அவருக்காகக் காத்திருந்தது.

2011 நவம்பர் 20, ஞாயிறு. நானும் போயிருந்தேன். நாற்காலியில் அவரை அமர்த்தி, குதிகாலை விரிப்பில் பதித்துவைத்தார்கள். ஏறக்குறைய கால் மணி நேரம் கழித்துத் திரையில் அவருடைய முதல் வாக்கியம் நின்றது.

"அந்த ரேடியோவை நிறுத்து."

அவருக்குப் பிடிக்கும் என்று கியார்த்தி ஏழு மாதமாகக் காலை முதல் மாலைவரை கட்டிலருகே பழைய பாட்டு நிலையம் ஒன்றை ஒலிக்கவிட்டிருந்தார். எழுந்து போய் நிறுத்தினார். பிறகு சமையலறை வாசலில் சுவரைப் பார்த்து நின்று, தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு மட்டும்தானா என்று நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

இனி, திருமணம்.

மணமகன் பகாஸ், பிரம்பானானில் தொடக்கப் பள்ளி ஆசிரியர், பொறுமைசாலி. எங்கள் முறைப்படி மணமகளின் தந்தை, எல்லோர் முன்னிலையிலும், தன் வாயால் மகளைக் கொடுக்க வேண்டும். அவர் வாக்கியத்தின் கடைசிச் சொல் முடிந்ததும் மணமகன் தடுமாறாமல் ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்ள வேண்டும். தந்தையால் இயலாவிட்டால் தந்தையின் அண்ணன் கொடுக்கலாம். பிரசோஜோவின் அண்ணன் சுவார்தி இருக்கிறார். நல்ல குரல், நல்ல உடை, இதுபோன்ற சபைகளில் நின்று பழக்கம். அவர்தான் கொடுப்பார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒருபடி மேலே போய், திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பே பதிவேட்டில் அவர் பெயரை எழுதிவிட்டேன்.

பிரசோஜோவிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவே எழுதினார்.

"என் மகளை நான்தான் கொடுப்பேன்."

சுவார்தி அதைப் படித்துவிட்டுத் தம்பியைப் பாராமல் கியார்த்தியிடம் சொன்னார்: "கியார், அவன் ஆசை எனக்குப் புரியுது. ஆனா காலாலயா? நிக்காஹ் வாக்கு. அதுக்கு முன்னாடி ஆண்டவன் பேரு வருது. காலை ஒருத்தருக்கு நேரா நீட்டினாலே நாம மன்னிப்புக் கேக்கறோம். அதால போயி அந்த வார்த்தைய மிதிக்கச் சொல்றியா?"

கியார்த்தி அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். இருவரும் பெங்ஹுலுவிடம் போனார்கள். எங்கள் பகுதியில் திருமணங்களை நடத்திப் பதிவுசெய்யும் அதிகாரியை அப்படி அழைப்போம். அவர் பெயர் ஜைனூரி. நிறைய நேரம் எடுத்து யோசிப்பவர். வீட்டுக்கு வந்து, ஒரு முழுப் பிற்பகல் பிரசோஜோ எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றாம் கேள்விக்குப் பதில், "நீங்கள் என் நாற்காலிச் சக்கரத்தின்மேல் சாய்ந்திருக்கிறீர்கள்" என்று வந்தது. ஜைனூரி எழுந்து இடம் மாறினார்.

"வாய் பேச முடியாதவர் எழுதிக் கொடுத்தா அது செல்லும்," என்றார். "ஆனா ரெண்டு விஷயம். முன்னாடியே எழுதிவெச்சதை அன்னைக்குக் காட்டக் கூடாது. என் கண்ணு முன்னாடி, சாட்சிங்க கண்ணு முன்னாடி, முதல் எழுத்துலேருந்து அவரே எழுதணும். எழுதினதைக் கம்ப்யூட்டரு படிச்சுக் காட்டுமே, அந்த மிஷின் குரல்ல பேச வைக்காதீங்க. அது அவரு குரல் இல்ல. தாள்ல வரட்டும். இறைவன் பேரை நான் என் வாயால சொல்லித் தொடங்கிடறேன்."

"காலு?" என்றார் சுவார்தி.

"பாக் சுவார்தி," என்றார் ஜைனூரி, மரியாதைச் சொல் சேர்த்து. "தொழப் போறப்ப காலையும் சேர்த்துத்தான கழுவறோம்? கழுவிட்டா சுத்தம். அவருக்கும் ஒளூ செஞ்சு விடுங்க. அது போதும்."

தாளில் வர வேண்டும் என்றதும் பழைய ஊசி அச்சுப்பொறி மேசைமேல் ஏறியது. பிரசோஜோ ஒரு சொல்லை முடித்தால், அச்சுப்பொறி அதை ஒரு வரியாக அடிக்கும். அடுத்த சொல் அடுத்த வரியில் வரும். ரோமன் எழுத்தில் எழுதும் எங்கள் மொழியில் அந்த வாக்கியம் இருபது சொற்கள், நூற்றுப் பத்து எழுத்துகள். பிரசோஜோ ஆறு நாள் பயிற்சி செய்தார். பதினேழு நிமிடத்துக்கு வந்துவிட்டார்.

நாளைத் தள்ளிப்போட இடமில்லை. அடுத்த வாரம் சூரோ மாதம் பிறக்கிறது. அந்த மாதத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் மணம் முடித்ததில்லை. பெங்ஹுலுவுக்கு அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஆறு திருமணங்கள். எங்களுடையது ஒன்பது மணிக்கு, அடுத்தது பதினொன்றுக்கு.

அன்று காலை எட்டேகாலுக்குக் கியார்த்தி மணப்பந்தலுக்கு வந்து பார்த்தபோது, நாற்காலியின் கீழே விரிப்பு இல்லை.

பிரசோஜோவின் சின்னம்மா துக்கினாவை நாங்கள் எல்லோரும் புலிக் என்போம். அறுபத்தெட்டு வயது, சுத்தக்காரி. பெங்ஹுலு சொன்ன சொல் அவர் காதிலும் விழுந்திருந்தது. விடிந்ததும் எழுந்து வந்து, காலைக் கழுவினால் மட்டும் போதுமா, கழுவிய கால் எதன்மேல் படுகிறது என்று பார்த்திருக்கிறார். இரண்டு ஆண்டு அழுக்கும், அதற்கு முந்தைய கோழியும் அவர் கண்ணில் பட்டன. விரிப்பைக் கிணற்றடிக்கு எடுத்துப் போய், சவர்க்காரம் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, மூன்று வாளி தண்ணீரில் அலசி, கொடியில் கவ்வி மாட்டிக் காயவிட்டிருந்தார்.

கியார்த்தி அதை எடுத்துவந்து துடைத்துச் செருகினார். அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் நின்றது. எல்லா அம்புகளும் ஒன்றாக அழுத்தப்பட்டதாக விரிப்பு சொன்னது. திரையில் எழுத்துகள் கொட்டின. அச்சுப்பொறி அவற்றை அடிக்கத் தொடங்கி, அரைமுழத் தாளைக் குப்பையாக்கியது. கியார்த்தி இணைப்பைப் பிடுங்கினார்.

பந்தலில் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. புலிக் சமையலறையில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சுவார்தி தாழ்ந்த குரலில் சொன்னார்:

"போதும் கியார். நான் சொல்லிடறேன். இத்தனை பேரு முன்னாடி அவன் தடுமாறி நிக்கறத என்னால பாக்க முடியாது. அவன் என் தம்பி."

"தெரியும், மாஸ் சுவார்தி. ஒரு அரை மணி நேரம் குடுங்க."

அவர் அப்போது செய்ததை நான் அருகில் நின்று பார்த்தேன். பதறவில்லை, எதையும் தட்டவோ குலுக்கவோ இல்லை. எல்லா இணைப்புகளையும் பிடுங்கினார். அச்சுப்பொறியை மட்டும் செருகினார். அது பெயர் சொல்லும்வரை காத்திருந்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பழைய மவுஸை எடுத்துச் செருகினார். அதுவும் பெயர் சொன்னது. அதன் அடியில் ஒளிரும் கண்ணை, அங்குமிங்கும் நகர்ந்து குழப்பாதபடி, பிளாஸ்திரி ஒட்டி மூடினார். அதன்பின் நோட்டில் கணவரின் பக்கத்தைப் புரட்டினார். இரண்டு ஆண்டில் அதில் நிறைய வரிகள் சேர்ந்திருந்தன. ஒன்று இது: மனத்துக்கும் காலுக்கும் இடையே ஒன்றரை நொடி. வெளிச்சம் ஒரு கட்டத்தில் நிற்கும் நேரத்தை இரண்டு நொடியாக்கினார்.

பிறகு நாற்காலி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"மாஸ். இது நீங்க வேணாம்னு கண்ண மூடிக்கிட்டது. அப்ப உங்க காலு எவ்வளவு நேரம் எடுக்கும்னு எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். இன்னைக்கு இது ஒண்ணுதான் இருக்கு. வேணாம்னா மாஸ் சுவார்தி சொல்லட்டும். உங்க இஷ்டம்."

பிரசோஜோ மனைவியைப் பார்த்தார். கண்கள் மேலே போயின. ஆம் என்பதற்கு அவர்கள் வைத்திருந்த அடையாளம் அது. வலது கால் முன்பாதம் சற்று உயர்ந்தது.

கியார்த்தி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முகமும் கைகளும் நனைத்து, தலை தடவி, கடைசியில் இரு கால்களையும் கணுக்கால்வரை கழுவி ஒளூ செய்வித்தார். மவுஸை வெள்ளைத் துணியில் துடைத்துக் காலடியில் வைத்தார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"புலிக், அழாம வந்து உக்காருங்க. அந்த விரிப்பு அதுக்குத் தெரிஞ்ச நாள்லயே இன்னைக்குத்தான் குளிச்சிருக்கு. நான் கோழி எச்சத்தோடயே வெச்சிருந்தேன்."

"எனக்கென்னடி தெரியும்? பாய் மாதிரி இருந்துச்சு."

"பாய்தான். கொஞ்சம் ரோஷக்காரப் பாய்."

ஒன்பது பத்துக்கு ஜைனூரி இறைவன் பெயரைச் சொல்லித் தொடங்கினார். வெளிச்சம் நகர்ந்தது.

முதல் எழுத்து விழ ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டாம் எழுத்து தவறாக விழுந்தது. அவரே அழித்துத் திரும்ப எழுதினார். யாரும் இருமவில்லை. ஐந்து எழுத்து சேர்ந்ததும் அச்சுப்பொறி கரகரவென்று ஓடி, மணமகன் பெயரைத் தாளில் இறக்கிவிட்டு நின்றது. பேருந்து நிலையத்தில் அவரோடு வேலை பார்த்த இருவர் பின்வரிசையில் இருந்தார்கள். அந்த ஓசையைக் கேட்டதும் ஒருவர் மற்றவரிடம் கிசுகிசுத்தார்: "செமாராங் பஸ்ஸு கிளம்பப் போகுது."

சிரிப்பு ஒன்று பந்தல் முழுதும் மெதுவாகப் பரவி அடங்கியது. பிரசோஜோவின் வாயோரமும் இடப்பக்கம் சற்றே அசைந்தது என்று கியார்த்தி பின்னர் சொன்னார்.

சொற்கள் வந்தன. மணமகனின் தந்தை பெயர். நான். மணமுடித்துத் தருகிறேன். உனக்கு. பகாஸ் முதல் சொல்லிலிருந்தே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். ஜைனூரி அவன் பக்கம் சாய்ந்து, "மூச்சு விடுப்பா, இன்னும் நேரம் இருக்கு" என்றார்.

பத்துச் சொற்கள் முடிந்தன. பதினோராவது சொல் மகளின் பெயர். வெளிச்சம் முதல் எழுத்தின் வரிசைக்கு வந்தது, நின்றது, கடந்தது. கால் அழுத்தவில்லை. மீண்டும் சுற்றி வந்தது. அப்போதும் அழுத்தவில்லை. மூன்றாம் சுற்றிலும் கால் அசையாதிருந்தது. சுவார்தி எழப் போனார்.

கியார்த்தி திரும்பாமலே சொன்னார்: "இருங்க. விளக்கு சுத்திக்கிட்டே இருக்கட்டும். அவரு வருவாரு."

வெனிங் திரைச்சீலைக்குப் பின்னால் பெண்கள் வரிசையில் இருந்தாள். அவளுக்கு அச்சுப்பொறியின் ஓசை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றதும் அவள் தலையை நிமிர்த்தினாள். ஐந்தாம் சுற்றில் கால் அழுத்தியது. பிறகு ஆறு எழுத்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறின்றி விழுந்தன. ஊசிகள் ஓடின. தாளில் வெனிங் என்று நின்றது.

மீதியை அவர் விரைவாக எழுதினார் என்று சொன்னால் மிகை; நிற்காமல் எழுதினார். மணமகன் மணமகளுக்குத் தரும் மஹர் ஒரு தொகுதி தொழுகை உடை. கடைசிச் சொல், அது உடனே கொடுக்கப்படுகிறது என்பது. அந்தச் சொல்லை அடித்த ஊசி ஓய்வதற்குள் பகாஸ் தன் ஏற்பை ஒரே மூச்சில், தெளிவாகச் சொல்லி முடித்தான். ஜைனூரி தாளைக் கையிலெடுத்து மேலிருந்து கீழாகப் படித்தார். சாட்சிகளைப் பார்த்தார்.

"ஸாஹ்," என்றார் முதல் சாட்சி. செல்லும்.

"ஸாஹ்," என்றார் இரண்டாமவர். பந்தலும் சொன்னது. எல்லோரையும் மிஞ்சிக் கேட்டது சுவார்தியின் குரல்தான்.

மணி ஒன்பது நாற்பத்தொன்று. முப்பத்தொரு நிமிடம்.

ஜைனூரி அந்தத் தாளைத் தம் கோப்புக்கு நகலெடுத்துக்கொண்டு மூலத்தை என்னிடம் தந்தார். ஓரத்துளைகளோடு அதை மூன்றாக மடித்துப் பதிவேட்டில் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில், மணமகளைக் கொடுத்தவர் என்ற கட்டத்தில் நான் முந்தி எழுதிய சுவார்தியின் பெயரை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் திருத்திய தேதியும் என் கையொப்பமும் இட்டு, பிரசோஜோ, தந்தை என்று எழுதினேன். நடந்து முடியாததை எழுதியது அந்த ஏட்டில் என் ஒரே பிழை என்று சொல்ல மாட்டேன். இப்படி மகிழ்ந்து திருத்தியது அது ஒன்றுதான்.

விரிப்பு நிழலில் நான்கு நாள் காய்ந்து, மூன்று அம்புகளுக்குப் பதில் தந்தது. வேண்டியதும் மூன்றுதான். ஆனால் பிரசோஜோ அதன்பின் பெரும்பாலும் மவுஸைத்தான் கேட்டார். கியார்த்தி நோட்டில் பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே புதிதாக ஒன்று எழுதினார். மவுஸ்: பதில் உண்டு.

மகளோடும் மருமகனோடும் பேரனோடும் பிரசோஜோ அதில்தான் பேசினார். மனைவியோடு சண்டையும் அதில்தான் போட்டார். 2018 டிசம்பர் 27, வியாழக்கிழமை, பிற்பகலில் காலமானார்.

மவுஸ் வேலை செய்தது: ஐந்து ஆண்டு, இரண்டு மாதம்.